நான் இறக்கச் சொல்லவில்லை

மகனே, ஆமென்றால் விளக்கு, இல்லையென்றால் பானை என்று நாடு முழுக்க வோட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தது. எண்பத்து மூன்றாம் வருஷத்து ஆடிக் கலவரம் இன்னும் வந்திருக்கவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே கிடந்த சில மாதங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எங்களில் பாதிப் பேருக்கு அப்போது வோட்டே கிடையாது. ஆனாலும் தோட்டத்து வரிசை வீடுகளின் லயத்துச் சுவரெல்லாம் விளக்குப் படம் ஒட்டியிருந்தார்கள், அது மழையில் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறவர்கள் தகரப் பெட்டி வாங்கி, அதன் மேல் பெயர் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நுவரெலியாவில் நிறுத்தி வைத்திருந்த குதிரைப் பந்தயம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. நம் பழைய தோட்டத்துத் துரை பங்களாவுக்கு டீவி வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்க ஆட்கள் முண்டியடித்ததும் அந்தக் காலம்தான். உனக்கு ஐந்து வயது. உனக்கு இதில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. எனக்கு எழுத்துத் தெரியாது, அதனால் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. படித்தவர்கள் எழுதி வைத்துவிட்டு மறந்துபோகலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது மேல் லயத்து டீச்சர். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் நன்றாக இருக்காது என்று அவராகவே திருத்திப் புத்தகத் தமிழில் எழுதுகிறார். எழுதட்டும். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். வீட்டு ஆட்களில் யாரையும் எழுதக் கூப்பிடவில்லை. வீட்டு ஆள் என்றால் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் குறைத்து எழுதிவிடும். இன்னொன்றும் சொல்கிறேன். இதை நீ ஒருவனாகப் படித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கக் கூடாது. வருகிற ஞாயிறு பேத்தியின் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவ உன் வீட்டில் சொந்தமெல்லாம் கூடுமே, அப்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படி. நான் செய்தது பத்துப் பேர் முன்னால் செய்தது. அதைச் சரி செய்வதை மட்டும் காதோடு காதாகச் செய்வது நியாயமில்லை.

போன வாரம் நீயும் மருமகளும் பத்திரிகைக் கட்டோடு வந்தீர்கள். யார் யாருக்கு வைக்க வேண்டும் என்று கேட்டாய். நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். நீ கொஞ்ச நேரம் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாய். "அப்பா, நீங்க சொல்ற ஆளுகளுக்கெல்லாம் பத்திரிகைய சுடுகாட்டுலதான் கொண்டுபோய் வைக்கணும்" என்றாய். மருமகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். உண்மைதானே. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் துணிந்து, கொட்டகலை லாடக்காரருக்கு ஒன்று எழுது என்றேன். உன் முகம் மாறிவிட்டது. "அந்தக் குதிரையக் கொன்ன ஆளுக்கா? நல்ல காரியத்துக்கா?" என்று கேட்டாய். நான் வாயை மூடிக்கொண்டேன். நீ அடுத்த பெயரைக் கேட்டாய், நான் சொன்னேன். வாயை மூடுவது எனக்குப் புதிதில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் பழகின வேலை அது.

அதற்கு முன்பு ஒருமுறையும் அப்படித்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை நீ ஓட்டுகிற பஸ்ஸிலேயே கூட்டிப்போனாயே, எனக்கு உன் பக்கத்து முன் சீட்டு. கொட்டகலை பஜாரில் கம்பை ஊன்றிக்கொண்டு லாடக்காரர் நின்றார். ஒரு கையைத் தூக்கினார். வண்டியில் இடம் இருந்தது. நீ வேகத்தைக் கூட்டினாய். "அந்த ஆளு ஏறுனா வண்டிக்கு ஆகாது" என்று கண்டக்டர் தம்பியிடம் சொன்னாய், அவன் சிரித்தான். கண்ணாடியில் பார்த்தேன். தூக்கின கையை அவர் இறக்கவில்லை. பஸ் போய்விட்டது என்பதே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கண் போய்க்கொண்டிருக்கிறது போல என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. நுவரெலியா போகும் வரை நீ என்னிடம் மூச்சு வாங்குகிறதா என்று மூன்று தரம் கேட்டாய். வாங்கியது. நீ நினைத்த காரணத்துக்காக இல்லை.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ ஐந்து வயதில் உன் அம்மாவிடம் கேட்டதை அப்படியே வைத்திருக்கிறாய். உன் அம்மா என்னிடம் கேட்டதை அப்படியே வைத்திருந்தாள். ஊற்று நான். தண்ணீர் கலங்கலாக வந்ததற்குக் குழாயைத் திட்டிப் பலனில்லை.

இப்போது ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மிச்சம் விளங்காது. நான் அப்போது நுவரெலியாவில் ஒரு கொழும்புச் சிங்கள முதலாளியின், நாங்கள் மாத்தயா என்று கூப்பிட்டவரின் லாயத்தில் குதிரைக்காரன். குதிரைக்காரன் என்றால் தீனி வைக்க, தேய்த்துவிட, நடத்திக்கொண்டு போக, அதற்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுக்க. லாடம் அடிப்பது லாடக்காரர். குதிரையின் காலிலிருந்து லாடத்தை எடுப்பதற்கு எங்களிடம் இரண்டு பேச்சு இருந்தது. தேய்ந்ததை எடுத்துவிட்டு உடனே புதியதை அடித்தால் அது கழட்டுறது. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும், முடி வெட்டிக்கொள்கிற மாதிரி. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மற்றது இறக்குறது. நான்கு காலிலும் எடுத்துவிட்டு, திரும்ப ஒன்றும் அடிக்காமல் வெறுங்குளம்போடு விடுவது. இனி இதன் முதுகில் யாரும் ஏறப் போவதில்லை, இது பட்டது போதும் என்று அர்த்தம். இறக்கின குதிரை புல்லுக்குப் போகும், இல்லாவிட்டால் மண்ணுக்குப் போகும். மறுபடி லாடத்துக்கு வராது. டீச்சர் அகராதியை எடுத்துப் பார்த்தார், இந்த அர்த்தம் அதில் இல்லையாம். இருக்காது. பத்துப் பதினைந்து பேர் ஒரு லாயத்து முற்றத்தில் பேசின பேச்சு, யார் போய் அகராதிக்காரரிடம் சொல்லியிருப்பார்கள்?

அந்தச் சொல்லுக்கு ஒரு முறை இருந்தது. குதிரைக்குச் சொந்தக்காரர் மாத்தயாவாக இருந்தாலும், டாக்டரே வந்து நின்றாலும், இறக்கு என்று சொல்ல வேண்டியது குதிரைக்காரன்தான். அதன் நடையில் ஒரு நூலிழை மாறினாலும் முதலில் தெரிவது அவனுக்கு. லாடக்காரர் லாடம் பிடுங்குகிற குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எறக்கட்டுமா?" என்று கேட்பார். குதிரைக்காரன் அதன் கழுத்தில் கை வைத்து, "எறக்கு" என்பான். அவ்வளவுதான். அந்தச் சொல் வராமல் லாடக்காரர் குறட்டை வைக்க மாட்டார். கேட்காமல் இறக்கினவன் என்று ஒரு லாடக்காரருக்குப் பெயர் வந்தால் அதற்குப் பிறகு ஒரு லாயத்திலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள். பெரிய மனுஷர்கள்கூட இதை ஒத்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லப் போகிற செவலைக்கு முன்னால் ஒரு குதிரைக்கு அதைச் சொல்லியிருக்கிறேன், கண் போன கிழட்டு வெள்ளைக்கு. சொல்லிவிட்டு நானும் லாடக்காரரும் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். கஷ்டமாக இருந்தது, ஆனால் கோப்பையைக் காலி செய்தேன்.

செவலை என்பது நாங்கள் வைத்த பெயர். மாத்தயா வைத்த இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. செம்மண் நிறத்தில் பெண் குதிரை. சித்திரைப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. வந்த மறுநாளிலிருந்து இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைத்தது. நான் கையை வைத்துப் பார்த்தேன், குளம்பு சுட்டது. உள்ளே சீழ் கட்டுகிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். குதிரை டாக்டர் மருந்து கொடுத்தார், ஓய்வு கொடு என்றார். லாடக்காரர் பார்த்துவிட்டு, இந்தக் குளம்பு இனி ஓட்டத்துக்கு வராது, இப்போது இறக்கினால் புல்லில் பத்து வருஷம் இருக்கும் என்றார். அவர் சொன்னது சரி. எனக்கும் அது சரி என்று தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். லாயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பலகைத் தரை, உள்ளேயே குழாய், ஒரு பல்பு. லயத்துக் காம்பராவில் அடுப்புப் புகையிலும் ஈரத்திலும் இரவெல்லாம் உனக்கு நெஞ்சு இழுக்கும். உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே தூங்குவாள், விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவாள். அந்த அறைக்கு வந்த பிறகு உனக்கு இழுப்பு நின்றது. அவள் கொழுந்துக் கூடையை ஆணியில் மாட்டிவிட்டு எட்டு மாதம் அதைத் தொடவில்லை. என் பொறுப்பில் இருந்தது செவலை ஒன்றுதான். அது புல்லுக்குப் போனால் நான் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். நான் ஒரு சொல்லைச் சொன்னால் கூடை ஆணியிலிருந்து இறங்கும், உனக்கு இழுப்புத் திரும்பும். அதனால் சொல்லவில்லை. இதை நியாயம் என்று உன்னிடம் கொடுக்கவில்லை. நடந்தது இது.

லாடக்காரர் மூன்று தரம் கேட்டார். முதல் தரம் சாதாரணமாகக் கேட்டார். இரண்டாவது தரம் குறட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கேட்டார். மூன்றாவது தரம் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது காலத் தரையில வைக்க மாட்டேங்குது. நீ பாத்துக்கிட்டே நிக்கிற. சொல்லித் தொலையேன்யா."

"இன்னும் ஒரு வாரம் பாப்போம்ணே" என்றேன்.

"ஒனக்கா, அதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாத்தயா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சேதி வந்தது. செவலை மூன்று காலில் நிற்பதை அவர் பார்த்தால் நான் சொல்லாமலே எல்லாம் முடிந்துவிடும். அன்று காலை லாடக்காரர் முதல் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தார். அவருடைய பை லாயத்துத் தூணில் தொங்கியது. நான் ஒரு கணக்குப் போட்டேன். அந்த ஒரு காலின் லாடத்தை மட்டும் நானே எடுத்து, சீழை வெளியே விட்டு, சூடான தவிட்டைக் கட்டினால் பத்து மணிக்குள் காலை ஊன்றி நிற்கும். மாத்தயா பார்த்துவிட்டுப் போன பிறகு அதே ஓட்டையில் ஆணியை அடித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஒரு லாடம் எடுப்பது இறக்குவது ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லாடத்து ஆணி குளம்புக்குள் போய் வெளிப்பக்கமாக முனை நீட்டும். அந்த முனையை மடித்துத் தட்டியிருப்பார்கள். எடுக்கும்போது ஒவ்வொரு மடிப்பையும் உளியால் நிமிர்த்திவிட்டுத்தான் குறட்டை வைக்க வேண்டும். நூறு தரம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முன்பக்கத்து மூன்று மடிப்பை நிமிர்த்தினேன். பின்பக்கம் நிமிர்த்தவில்லை. கோயில் மணி கேட்டது, பூசை முடிந்துவிட்டதோ என்று பயந்தேன். குறட்டை வைத்து இழுத்தேன். செவலை காலை உதறியது. லாடம் வந்தது. அதோடு குளம்பின் ஒரு பக்கச் சுவரும் கிழிந்து வந்தது. அந்தச் சத்தத்தை உனக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, பச்சை மூங்கிலைப் பிளக்கிற மாதிரி. அது கத்தவில்லை. என் தோளில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. யார் செய்தது என்று அதற்குத் தெரிந்தும் சாய்வதற்கு வேறு ஆள் இல்லை.

லாடக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் செபப் புத்தகம். ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தை ஜன்னலில் வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். கழுவினார், தொங்கினதை வெட்டினார், கட்டினார். சட்டையெல்லாம் ரத்தம். மாத்தயா நினைத்ததை விட முன்னாலேயே வந்துவிட்டார், கூட இரண்டு பேர். அவர் கண்ணில் பட்டது என்ன? லாடக்காரர் மடியில் கால், கையில் குறடு, பக்கத்தில் கிழிந்த குளம்போடு லாடம். சத்தம் கேட்டு மற்றக் குதிரைக்காரர்களும் முற்றத்தில் கூடிவிட்டார்கள். யார் இறக்கச் சொன்னது என்று மாத்தயா சிங்களத்தில் கேட்டார். அந்த ஒரு சொல்லை மட்டும் எங்கள் சொல்லாகவே சொன்னார், அவருக்கும் அது பழக்கம்.

லாடக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பயம் இல்லாத பார்வை. நான் சொல்லிவிடுவேன் என்று அவர் சந்தேகமே படவில்லை. "குதிரக்காரரக் கேளுங்க மாத்தயா. அவருதான் சொல்லணும்" என்றார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சொன்னேன்: "நான் எறக்கச் சொல்லல, மாத்தயா."

அது பொய் இல்லை, மகனே. அதுதான் இத்தனை வருஷமாக என்னை அறுக்கிறது. நான் இறக்கச் சொல்லவில்லை என்பது சத்தியம். மூன்று தரம் கேட்டும் சொல்லவில்லை. ஆனால் அந்த முற்றத்தில் அந்தச் சொல்லின் முறை தெரிந்த ஒவ்வொருவருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: லாடக்காரர் கேட்காமல் கை வைத்துவிட்டார். பொய் சொல்லியிருந்தால் என்றைக்காவது நாக்குத் தடுக்கி உண்மை வந்திருக்கும். உண்மையை வைத்தே ஒரு ஆளைக் கொன்றுவிட்டேன், அதனால் என் நாக்கு ஒருநாளும் தடுக்கவில்லை. நீ எப்போதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு, நான் சொன்னது உண்மைதானே என்று உனக்கு நீயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள நேர்ந்தால், அந்த இடத்திலேயே நின்று யோசித்துப் பார். நேரான பேச்சுக்கு அப்படிச் சமாதானம் தேவைப்படாது.

மாத்தயா லாடக்காரரை அந்த நிமிஷமே போகச் சொன்னார். அவர் எழுந்தார். தான் கோயிலில் இருந்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான் என்று ஆன பிறகு அவர் தன் பங்குக்குப் பேச வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன். மத்தியானம் டாக்டர் வந்தார், பார்த்தார், தலையை ஆட்டினார், பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார். அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது, மற்ற மூன்று காலிலும் இரும்பு இருக்கிறது. காலில் இரும்போடு ஒரு உயிரை அனுப்ப மாட்டோம். எடுக்க ஆள் இல்லை. அதுவரை கேட்டுக்கு வெளியே நின்றிருந்த லாடக்காரர் பையோடு திரும்பி வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. குனிந்து முதல் காலைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு வெள்ளைக் குதிரைக்குக் கேட்ட அதே குரலில் என்னைக் கேட்டார். "மிச்ச மூணையும் எறக்கட்டுமா?"

செவலையின் கழுத்தில் கை வைத்தேன். "எறக்கு" என்றேன்.

ஒவ்வொரு மடிப்பாக நிமிர்த்தினார். அவசரப்படவில்லை. ஒரு ஆணிகூட வளையாமல் வந்தது. மூன்று லாடத்தையும் சுவர் ஓரமாக வைத்துவிட்டுப் பையைத் தோளில் போட்டார். என்னைத் தாண்டிப் போகும்போது, "இப்பவாவது வாயத் தொறந்தியே" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், தெரியாதது அதன் உள்பக்கம். மாத்தயா என்னை நிறுத்திவிடவில்லை. இன்னொரு குதிரையை என்னிடம் கொடுத்தார். ஆடியில் கலவரம் வந்தது, டவுன் எரிந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் தோட்டத்துக்கு ஓடினோம். மாத்தயா மிச்சக் குதிரைகளைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டு லாயத்தைப் பூட்டினார். எந்த அறைக்காக நான் வாயை மூடினேனோ அந்த அறையில் நாம் அதற்குப் பிறகு மூன்று மாதம்கூட இருக்கவில்லை. உன் அம்மா திரும்பவும் கூடையை எடுத்தாள். உனக்கு இழுப்புத் திரும்பியது, பிறகு வளர வளரத் தானாகவே போனது. லாடக்காரருக்கு நுவரெலியாவில் ஒரு குதிரையும் கிடைக்கவில்லை. கொட்டகலைக்குப் போய்ப் பஜார் ஓரத்தில் உட்கார்ந்து தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி தீட்டினார், வாளிக்கு அடி வைத்துக் கொடுத்தார். குதிரையின் காலை மடியில் வைத்திருந்த மனுஷன்.

பக்கத்துத் தட்டிக் குதிரைக்காரன் கருப்பையா அன்று காலை நான் குறட்டோடு நின்றதைப் பார்த்திருக்கிறான். கப்பல் ஏறப் போவதற்கு முந்தின நாள் வந்து சொன்னான். "நான் பாத்தேண்ணே. நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்தேன்." அவனும் சொல்லவில்லை, போய்விட்டான். அவன் ஒன்று மட்டும் சொன்னான். என்ன நடந்தது என்று லாடக்காரரிடம் யார் கேட்டாலும் அவருடைய பதில், குதிரைக்காரரைக் கேளுங்க என்பதுதானாம். என்னை யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

உன் அம்மாவிடம் சொல்லாததுதான் இதில் பெரிய பாவம். அவள் லாடக்காரர் வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம் அனுப்புவதை நிறுத்தினாள். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அங்கிருந்து வந்த கேக்கைத் திருப்பி அனுப்பினாள். சந்தையில் அவர் பெஞ்சாதியைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவாள். நல்ல மனுஷி, என் பேச்சை நம்பி ஒரு நல்ல குடும்பத்தை வெறுத்துக்கொண்டே செத்துப்போனாள். அவளைப் புதைத்த அன்று லாடக்காரர் வந்தார், ஞாபகம் இருக்கிறதா? ஓரமாக நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார். "இந்தாளு எதுக்கு வந்தான்?" என்று நீ கேட்டாய். நான் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பிலிருந்து சட்டியை எடுக்கச் சொல்லும்போது நான் ஒருநாளும் இறக்கு என்று சொன்னதில்லை, 'எடு' என்பேன். நாட்டுக்கு ஒரு பேச்சு, உங்களுக்கு ஒரு பேச்சு என்று உன் அம்மா கேலி செய்வாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுப்படியில், இரண்டு பேர் மட்டும். சொல்லவில்லை.

இப்போது எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது. படி இறங்கினால் ஏற முடியவில்லை. ஏறினால் எதற்கு ஏறினேன் என்று தெரியவில்லை. ஆகையால் சொல்ல வேண்டியதைச் சுருக்கிக்கொள்கிறேன். உன் பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போகப் போகிறது. என்றைக்காவது முகம் வாடி வந்து நின்றால், கால் தாங்குகிறதா என்று முதலில் தெரிய வேண்டியது உனக்கு. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று சொல்லாதே. ஊர் என்ன சொல்லும், வீடு என்ன ஆகும் என்று யோசிக்கிற நேரத்தில் குளம்புக்குள் சீழ் கட்டிவிடும். பிள்ளை கேட்பதற்கு முன்னால் நீ சொல்லிவிடு. உனக்கும் அதேதான். முழங்கால் வலியோடு பிரேக்கை மிதிக்கிறாய் என்று மருமகள் என்னிடம் சொன்னாள். அறுபது பேர் உன் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லாடக்காரர் இப்போது பஜாருக்கு வருவதில்லையாம். டீச்சருடைய தங்கை அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறார், அவர்தான் சொன்னார். கண் ஏறக்குறையப் போய்விட்டது, கட்டிலோடு இருக்கிறார். பேரப்பிள்ளைகளையும் ஊரில் குதிரையைக் கொன்ன வீடு என்றுதான் சொல்கிறார்களாம். நான் இரண்டு தரம் கொட்டகலைக்குப் போனேன், உனக்குத் தெரியாது. இரண்டு தரமும் பஜாரில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். கால் போகவில்லை என்று சொல்லலாம். உண்மையில் தைரியம் வரவில்லை.

ஆகையால் உன்னிடம் கேட்கிறேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எடுத்துக்கொள். மருமகளையும் கூட்டிக்கொள், மாமன்மார் வீட்டுக்கு எப்படிப் போவீர்களோ அப்படி. மாமன்மாருக்கு முன்னால் அங்கே போக வேண்டும். என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் விடு. பத்திரிகை வைப்பது உன் வேலை. பேசுவது நான். நீ எனக்காகப் பேசாதே, அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று முட்டுக்கொடுக்காதே. அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது, லாடத்தை இழுத்தது நான், அவர் கோயிலில் இருந்தார் என்று சொல்லப் போகிறேன். அவர் என்னை வெளியே போகச் சொன்னால் போய்விடுவோம். பத்திரிகையை மட்டும் திருப்பி எடுக்காதே. அவர் பேசாமல் இருந்தால் அதுவும் அவர் இஷ்டம். மன்னிப்புக் கேட்டு அவரிடமிருந்து இன்னொன்றை வாங்கிக்கொண்டு வர நான் போகவில்லை. ஆனால் அவர் காதால் கேட்க வேண்டும், காது இன்னும் கேட்கிறதாம். ஆகையால் அடுத்த வாரம் என்று சொல்லாதே, இதைப் படித்து மஞ்சள் தடவின கையோடு இந்த ஞாயிறே போவோம்.

அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றவர்கள் யாரும் இனி வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. மாத்தயா போய்ச் சேர்ந்தார். டாக்டரும் போய்விட்டார். கருப்பையா கோத்தகிரியில் செத்ததாகக் கடிதம் வந்து வெகுகாலம் ஆகிறது. மற்றக் குதிரைக்காரர்களில் பாதிப் பேர் கப்பலோடு, பாதிப் பேர் காய்ச்சலோடு. என்னை உயிரோடு இருக்கிறவர்களில் சேர்க்காதே, அன்றிலிருந்து நான் அதில் இல்லை. மிச்சம் இருப்பது ஒருவர். பத்திரிகைக் கவரின் மேல் லாடக்காரர் என்று எழுதாதே, நான் இந்தக் கடிதம் முழுக்க அப்படிச் சொன்னதும் அவர் பெயரை எடுக்க வாய் கூசினதால்தான். அவருடைய பெயர் செபமாலை.